செருமலுக்கும் சொல்லுக்கும் இடையே

வாகீசனுக்கு மறுமொழி சொல்லத் தெரியாது என்று எவரேனும் கூறின் அது பெரும் அநியாயமாகும். மறுமொழி அவனுக்கு நன்றாகவே தெரியும். கேட்டவர் வாயடைத்து நிற்கத்தக்க கூர்மையான மறுமொழி. ஒரேயொரு குறை யாதெனில், அது வந்துசேர மூன்று மணித்தியாலம் எடுக்கும். காலையிலே சந்தையில் ஒருவன் சீண்டினால், மதியம் தோட்டத்திலே தண்ணீர் மோட்டார் இரைந்துகொண்டிருக்கையில் அதற்குரிய பதில் அட்சரம் பிசகாமல் அவன் நாவில் வந்து அமரும். அவ்வேளை அவனெதிரே நிற்பவை வெங்காயப் பாத்திகள் மட்டுமே. வெங்காயம் சிரிப்பதில்லை.

இவ்வாறு காலங்கடந்து பிறந்த பதில்களை வீணாக்க மனமின்றி அவன் ஒரு கொப்பியிலே எழுதி வைத்தான். நாற்பத்தாறு வயது நிரம்பிய கமக்காரன் ஒருவன் மாலைவேளையில் விறாந்தையிலிருந்து கொப்பி எழுதுவதைக் கண்டவர்கள், அவன் ஏதோ சோதனைக்குப் படிக்கின்றான் என எண்ணினர். ஒருவகையில் அதுவும் உண்மையே. அந்தக் கொப்பியின் முக்காற்பங்கும் ஒரே மனிதருக்கு உரிய பதில்களாக இருந்தன. அம்மனிதர் தியாகலிங்கம்.

தியாகலிங்கம் முப்பத்திரண்டு ஆண்டுகள் பஸ் நடத்துனராக இருந்து இளைப்பாறியவர். நெரிசலிலே நிற்கும் எண்பது பேரைச் சிரிக்கவைத்தபடியே எண்பது பேரிடமும் காசு வாங்கிய வாய் அவருடையது. புத்தூரிலே வாகீசனின் வீட்டுக்குச் செல்லும் ஒழுங்கையின் நடுப்பகுதியில் அவருடைய வளவு இருந்தது. வாகீசனின் துன்பம் முழுவதும் அந்த வளவின் வேலியிலேதான் தொடங்கியது.

ஒழுங்கை வாசலில் பத்தடி அகலம். தியாகலிங்கத்தின் வேலியருகே வந்ததும் அது ஆறரை அடியாக ஒடுங்கிவிடும். ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது, பட்டுப்போன கிளுவங் கதியால் தடியை நீக்கிவிட்டுப் புதியதை ஒரு சாண் வெளியே நடுவது அவருடைய வழக்கம். ஒரு சாணுக்காக எவர் சண்டை பிடிப்பர்? ஐந்து ஆண்டுகளிலே பல சாண்கள் சேர்ந்துவிட்டன. ஓட்டோ உள்ளே வராது. லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வராது. மாரியிலே தண்ணீர் முழங்கால்வரை நிற்கும். வெங்காயச் சாக்குகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீதிவரை தள்ளவேண்டும். இவற்றையெல்லாம் வாகீசன் பொறுத்துக்கொண்டான். பொறுக்கமுடியாத ஒன்று கடந்த கார்த்திகையிலே நடந்தது.

அன்று அதிகாலை அவனுடைய தந்தை அருளம்பலத்துக்கு நெஞ்சுவலி கண்டது. அம்புலன்ஸ் வீதியோடு நின்றுவிட்டது. கிழவரைப் பிளாஸ்டிக் கதிரையொன்றில் இருத்தி, நான்கு பேர் நான்கு காலையும் பிடித்து, வெள்ளத்தினூடாகக் காவிச்சென்றனர். முன்னங்கால் ஒன்றைப் பிடித்தவர் தியாகலிங்கம். பாதிவழியில் அவர் செருமினார்.

"வழி விடுங்கோ, வழி விடுங்கோ! அருளம்பல சுவாமி வெளிவீதி வாறார்! அரிச்சனைத் தட்டு இருந்தால் கொண்டாங்கோ!"

நெஞ்சைப் பொத்திக்கொண்டிருந்த கிழவரே சிரித்துவிட்டார். அவர் பிழைத்து வீடு திரும்பியபின் வருவோர் போவோருக்கெல்லாம் முதலிற் கூறியது வைத்தியர் சொன்ன செய்தியை அல்ல, அந்தப் பகிடியைத்தான். அடுத்தமுறை அரைமணித்தியாலம் பிந்தினால் தந்தை தப்பமாட்டார் என்று வைத்தியர் சொன்னதை வாகீசன் ஒருவனே நெஞ்சிற் சுமந்தான்.

அடுத்த மாதம் சனசமூக நிலையத்திலே நடந்த கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், ஒழுங்கையை அகலமாக்கவேண்டும் என்று அவன் எழுந்து கேட்டான். தியாகலிங்கம் செருமினார். வேட்டியை ஒருமுறை இழுத்துவிட்டார்.

"ஒழுங்கையை அகட்டினால் சுவாமி காவுற புண்ணியம் எங்களுக்கு எப்பிடிக் கிடைக்கும், தம்பி?"

சபை கொல்லென்று சிரித்தது. தலைவர் இளையதம்பி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். துடைத்த கையோடு அடுத்த விடயத்துக்குச் சென்றுவிட்டார். வெட்கத்துக்குரிய செய்தி என்னவெனில், வாகீசனும் சிரித்தான். முகம் தன்பாட்டிலே சிரித்துவிட்டது.

அன்று பொழுதுபட, பசுவுக்கு வைக்கோல் போடும்போது பதில் வந்தது. "புண்ணியம் வேணுமெண்டால் அடுத்தமுறை நீங்கள் கதிரையிலை இருங்கோ அண்ணை, நான் காவுறன்." எவ்வளவு அருமையான பதில்! அவன் அதைப் பசுவிடம் இருமுறை கூறினான்.

ஒன்பது மாதங்கள் கழிந்தன. ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட நிதி ஒதுக்கியிருப்பதாகப் பிரதேச சபையிலிருந்து செய்தி வந்தது. நிபந்தனை இரண்டு. பத்தடி அகலம் இருக்கவேண்டும். கரையிலுள்ள காணிக்காரர் அனைவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதங்கள், சங்கத்தின் தீர்மானத்தோடு வெள்ளிக்கிழமைக்குமுன் கிடைக்கவேண்டும். ஒன்பது கடிதங்கள் சேர்ந்துவிட்டன. பத்தாவது தியாகலிங்கத்தினுடையது. அவரோ ஞாயிற்றுக்கிழமை மாலை மனைவியோடு கொழும்புக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ரொறன்ரோவிலுள்ள மகளிடம் ஆறு மாதத்துக்குப் போகவிருந்தார். சங்கக் கூட்டமும் அதே ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்கே. ஆகவே அந்தக் கூட்டம் கைதவறினால் மாரி வந்துவிடும். மாரி வந்தால் மீண்டும் கதிரைதான்.

"இந்தமுறை நான் விடமாட்டன்" என்றான் வாகீசன், சனிக்கிழமை மாலை.

மனைவி உதயகலா விறாந்தையிலே குந்தியிருந்து வெங்காயத்தின் தாளை அரிந்துகொண்டிருந்தாள். பதில் சொல்லுவதற்கு மூன்று விநாடிகூட எடுக்காத பிறவி அவள். "கொப்பியோடை வந்திருக்கிறியள். சரி, நான்தான் தியாகலிங்கண்ணை. தொடங்குங்கோ."

அவன் நிமிர்ந்து நின்றான். "தலைவர் அவர்களே, எங்கடை ஒழுங்கை..."

"ஒழுங்கையோ? நான் அதைக் குளம் எண்டெல்லோ நினைச்சு மீன் விட்டனான்!"

வாகீசன் வாயைத் திறந்தான். பின்பு கொப்பியிலே ஒரு பக்கம் புரட்டினான்.

"பக்கம் புரட்டுறியளோ? உங்களுக்காக அவர் பாட்டுப் போட்டிட்டு இருப்பாரோ?"

உள்ளேயிருந்து கிழவர் அருளம்பலத்தின் சிரிப்புக் கேட்டது. "குளம் நல்லாயிருக்கு, பிள்ளை" என்றார் மருமகளிடம். அவர் அமர்ந்திருந்தது அதே பிளாஸ்டிக் கதிரை.

"ஐயா, உங்களுக்காகத்தான் நான் இந்தப் பாடு படுறன்."

"அதுக்காகச் சிரிக்கக்கூடாதோடா?"

உதயகலா கத்தியைக் கீழே வைத்தாள். "இஞ்சாருங்கோ. அவர் பகிடி விடமுதல் என்ன செய்யிறவர் எண்டு கவனிச்சனீங்களோ? முதல் செருமுவார். பேந்து வேட்டியை இழுப்பார். பேந்துதான் வாய் திறக்கும். அந்தச் செருமலுக்கும் சொல்லுக்கும் இடையிலைதான் உங்களுக்கு இடம். அவர் சொன்னாப்பிறகு நீங்கள் சொன்னால் அது பதில், ஒருத்தரும் கேளாயினம். அதுக்குமுதல் சொன்னால்தான் பகிடி."

இதனை அவள் பாதி விளையாட்டாகவே சொன்னாள். வாகீசனோ கொப்பியின் புதிய பக்கத்திலே அதை எழுதி, அடிக்கோடு இட்டான். அதன்கீழே, ஓராண்டாகத் தீட்டித் தீட்டி வைத்திருந்த ஒரு வாசகத்தை எழுதினான். அன்றிரவு அவன் நித்திரையிலும் அதை முணுமுணுத்ததாக உதயகலா பின்னர் கூறினாள்.

ஞாயிற்றுக்கிழமை. சனசமூக நிலையத்தின் வாசிகசாலை மேசைகளை ஓரங்கட்டி முப்பது கதிரைகள் போடப்பட்டிருந்தன. சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கப்பட்டு, ஒருவர் முன்மொழிய ஒருவர் வழிமொழிந்தார். தியாகலிங்கம் பயணத்துக்கு உடுத்த புது வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக முன்வரிசையில் இருந்தார். இரண்டாம் வரிசையிலிருந்த வாகீசனுக்கு அவருடைய பிடரி மட்டுமே தெரிந்தது. அந்தப் பிடரியை அவன், கொக்கு மீனைப் பார்ப்பதுபோற் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்தது, ஒழுங்கை விஸ்தரிப்பு" என்றார் இளையதம்பி. "வாகீசன்..."

வாகீசன் எழுந்தான். ஆனால் அவனுக்கு முன்பே தியாகலிங்கம் எழுந்துவிட்டார்.

"தலைவர், தம்பி கதைக்கமுதல் நான் ஒண்டு சொல்லவேணும்."

சபையிலே அங்கங்கே முன்கூட்டியே சிரிப்பு அரும்பியது. தியாகலிங்கம் செருமினார். வேட்டியை இழுத்துவிட்டார். ஒரு கை சட்டைப் பையை நோக்கிச் சென்றது.

இதுதான் இடம் என்றது வாகீசனின் உடம்பு முழுவதும்.

"தியாகலிங்கண்ணை பஸ்சாலை இறங்கினாலும் பழக்கம் இறங்கேல்லை!" என்றான். குரல் அவனுக்கே புதிதாய், உரத்து, தெளிவாய் ஒலித்தது. "முப்பத்திரண்டு வருசம் 'முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ' எண்டு சொல்லிச் சொல்லி, கடைசியிலை வேலியையும் பாத்துச் சொல்லிப்போட்டார். அது பாவம், சொல்வழி கேட்டு வருசம் ஒரு சாண் முன்னுக்குப் போகுது!"

சிரிப்பிலே கட்டடமே அதிர்ந்தது. பின்வரிசையில் ஒருவர் கதிரையோடு சரிந்தார். இளையதம்பி கண்ணாடியைக் கழற்றினார். "வேலி முன்னுக்குப் போகுதாம்!" என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்ல, சிரிப்பு அடங்கி மீண்டும் கிளம்பியது. நாற்பத்தாறு ஆண்டுகளில் முதற்றடவையாக வாகீசனின் சொல் உரிய வேளையில் உரிய இடத்திற் போய் விழுந்திருந்தது. அவனுடைய காதுமடல்கள் சூடாயின. இந்த இன்பத்துக்காக மனிதர் என்னதான் செய்யமாட்டார்கள் என்று அவனுக்கு அப்பொழுது விளங்கியது.

தியாகலிங்கம் இன்னமும் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கையிலே, சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே வந்த மடித்த தாள் ஒன்று இருந்தது. அவர் திரும்பி வாகீசனைப் பார்த்தார். கோபம் அந்த முகத்தில் இல்லை. பரிசு கொண்டுவந்தவன் வாசலில் நாய் கடித்தால் எப்படி நிற்பானோ, அப்படி நின்றார். பின்பு அந்தத் தாளை மெல்லப் பையினுள் தள்ளினார்.

"சரி தம்பி" என்றார். "என்ரை ஹோல்ட் வந்திட்டுது. நான் இறங்கிறன்."

அவர் நடந்து வெளியேறினார். போகும்போதும் ஒரு சிரிப்பு அவருக்கே கிடைத்தது.

செயலாளர் லோஜன், சங்கத்தில் வயதிற் குறைந்தவன், வாகீசனின் அருகே குனிந்தான். "என்ன அண்ணை செய்தனீங்கள்? அது சம்மதக் கடிதமெல்லோ!"

"என்ன கடிதம்?"

"நேற்று என்னட்டை வந்துதான் எழுதுவிச்சவர். மூண்டரை அடி உள்ளுக்கு எடுக்கிறன் எண்டு. கையெழுத்தும் வைச்சாச்சு."

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லவேண்டாம் எண்டவர். கூட்டத்திலை திடீரெண்டு எடுத்து நீட்டவேணுமாம், உங்கடை முகம் போற போக்கைப் பாக்கவேணுமாம். அதுவும் அவருக்கு ஒரு பகிடிதானே."

பத்தாவது கடிதம் இல்லாமையினால் தீர்மானம் ஒத்திவைக்கப்படுகின்றது என்று இளையதம்பி அறிவித்தார். ஒத்திவைக்கும்போதும் அவருடைய வாயோரம் துடித்தது. "முன்னுக்குப் போகுது" என்று அவர் தமக்குள்ளே சொல்லிக்கொண்டதை வாகீசன் கேட்டான்.

பஸ் ஆறேகாலுக்கு. அப்பொழுது மணி ஐந்து. நேரே அவருடைய வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். எந்தப் பேதையும் அதைத்தான் செய்வான். வாகீசனோ ஒழுங்கை முகப்பிலிருந்த வேம்பின்கீழே குந்தி, கொப்பியைத் திறந்தான். வெறுமனே மன்னிப்புக் கேட்பது அவருக்குப் போதாது என்று அவனுக்குத் தோன்றியது. அவர் காவிய கதிரையைச் சொல்லவேண்டும். அதை ஓராண்டாகத் தான் ஒருமுறையேனும் நன்றியோடு நினைக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். அவரும் இரசிக்கத்தக்கதாகச் சொல்லவேண்டும். எழுதினான், வெட்டினான். மறுபடி எழுதினான். தியாகலிங்கமும் மனைவியும் வேலிப் பின்புறத்துக் குறுக்குப் பாதையால் வீதிக்குப் போயிருந்ததை, குனிந்த தலை நிமிராத அவன் காணவில்லை.

"இன்னும் இஞ்சையோ நிக்கிறியள்?"

உதயகலா நின்றிருந்தாள். செய்தி அவளை எட்டியிருந்தது.

"நீர்தானே சொன்னனீர், செருமினவுடனை சொல்லச் சொல்லி" என்றான் அவன்.

"செருமிறவன் எல்லாம் பகிடி விடவோ செருமிறான்? நல்ல விசயம் சொல்ல வெக்கப்பட்டாலும் மனிசர் செருமுவினம்! 'அண்ணை, பிழை விட்டிட்டன்' எண்டு சொல்ல உங்களுக்குக் கொப்பி வேணுமோ? எழும்புங்கோ!"

அவன் ஓடினான். படலையிலே பூட்டுத் தொங்கியது. குறுக்குப் பாதையின் மணலில் இரண்டு சூட்கேஸ்களின் சில்லுத் தடங்கள் வளைந்து வளைந்து சென்றிருந்தன. ஓட்டோ வரமுடியாத ஒழுங்கையின் சொந்தக்காரரும் தம் பெட்டிகளை இழுத்துக்கொண்டே போயிருக்கிறார். அந்தத் தடங்களைப் பிடித்தவாறு வாகீசன் வீதிக்கு வந்தபோது, பருத்தித்துறையிலிருந்து வந்த கொழும்பு பஸ் நின்றுகொண்டிருந்தது. தியாகலிங்கம் யன்னலோரம் இருந்தார்.

"அண்ணை!"

அவர் குனிந்து பார்த்தார். எவருக்கும் ஒரு விநாடி இடம் கொடாத அந்த மனிதர் அன்று காத்திருந்தார். "சொல்லு தம்பி" என்றார். அவர் கை சட்டைப் பையின் மேலே இருந்ததை வாகீசன் பின்னாளில் நூறு தடவை நினைத்துப் பார்த்தான்.

மூன்று சொற்கள் போதும். ஆனால் எழுதிப் பாடமாக்கிய வாசகம் முதலிலிருந்துதான் வந்தது.

"அண்ணை, கடந்த வருசம் கார்த்திகை மாசம், ஐயாவுக்குச் சுகமில்லாமல் வந்த அண்டைக்கு..."

தியாகலிங்கத்தின் கை வெளியே நீண்டது. பஸ்சின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். "றைட்! றைட்!"

பஸ் புறப்பட்டுவிட்டது. அவர் அதைப் பழக்கத்திற் செய்தாரா, பழிவாங்கச் செய்தாரா, அன்றேல் அதுவும் பகிடியா என்று வாகீசனால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. புகையினுள் நின்றபடி மீதி வாசகத்தை அவன் முழுமையாகச் சொல்லி முடித்தான். நல்ல வாசகம். ஒரு சொல்லும் மிகையில்லை.

அவன் தொலைபேசியில் அழைத்தான், எடுக்கவில்லை. வட்ஸ்அப்பிலே ஒரு செய்தி எழுதத் தொடங்கினான். எழுதி, அழித்து, திருத்தி அனுப்பும்போது வியாழன் இரவாகிவிட்டது. பதில் சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை அதற்கிடையே போய்விட்டிருந்தது.

"கடிதம் சட்டைப் பையோடை மெசினுக்குள்ளை தோய்ஞ்சு போச்சுது தம்பி. உன்ரை பகிடிதான் இன்னும் சாயம் போகேல்லை. பிள்ளையளுக்கும் சொன்னனான், விழுந்து விழுந்து சிரிச்சவை."

இதற்கு என்ன பதில் எழுதுவது? வாகீசன் கொப்பியை எடுத்தான். மூடினான்.

மாரி வந்தது. ஒழுங்கையிலே தண்ணீர் ஏறியது. சாக்கு ஏற்றிய தள்ளுவண்டி வேலியடியில் இறுகி நிற்கும்போதெல்லாம் யாரேனும் ஒருவர் வீதியிலிருந்து குரல் கொடுத்தார். "வாகீசன், வேலி எவ்வளவு முன்னுக்குப் போட்டுது?" அவனுடைய சொந்தப் பகிடி ஊர் முழுவதும் உலாவி, சேற்றில் நின்ற அவனிடமே திரும்பி வந்தது.

மார்கழி பிறந்து நான்காம் நாள் விடியற்காலை, அருளம்பலத்துக்கு மறுபடியும் நெஞ்சு வலித்தது. அம்புலன்ஸ் வீதியில் நின்றது. கதிரையை எடுத்தனர். லோஜன் ஒரு காலையும், அயலவர் இருவர் பின்னங்கால்களையும் பிடித்தனர். தியாகலிங்கம் பிடித்த முன்னங்காலை வாகீசன் பிடித்தான். நீர் முழங்காலைக் கடந்து குளிர்ந்தது. பூட்டிக்கிடந்த வளவின் வேலியருகே கதிரையைச் சரித்துத் திருப்பவேண்டியிருந்தது. கிளுவை முள்ளு வாகீசனின் புயத்தைக் கீறியது. கிழவரின் விரல்கள் மகனின் தோளை இறுகப் பற்றின.

"பயமாக் கிடக்கு" என்றார் அவர், மூச்சு வாங்க. "தியாகலிங்கம் எங்கையடா?"

"அவர் கனடாவிலை, ஐயா."

"அப்ப ஆரும் ஒரு பகிடி சொல்லுங்கோவன்."

நால்வரும் நடந்தனர். தண்ணீரின் சளசளப்பு மட்டும் கேட்டது. வீதி இன்னும் நூறு யார் தூரத்தில், அம்புலன்ஸின் சிவப்பு வெளிச்சம் வேலிகளின் மேலாகச் சுழன்றுகொண்டிருந்தது. கிழவர் மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாகீசன் செருமினான்.